மறுமூலை

எங்கள் சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிப்போம். ஒருத்தி "முன்னால வா" என்று பாடி இழுப்பாள், எதிரே நிற்பவள் "மூலையப் பிடி" என்று முடிப்பாள். நானும் என் தங்கையும் அலுப்புத் தீரக் கட்டிய வரிகள். பாட்டு என்று சொன்னால் மற்ற பாட்டெல்லாம் கோபித்துக்கொள்ளும். ஆனால் கை பிசகாது.

தங்கைக்கு வாய் நீளம், வாயாடி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசரிடம் வாயைக் கொடுத்து வேலையைத் தொலைத்தாள். ஒரு ஏஜெண்டு அவளை ஏதோ பெரிய வீட்டில் தங்கி வேலை செய்ய அனுப்பினான். அதோடு அவள் போன் அணைந்துவிட்டது. "நல்லாத்தாம்மா இருக்கா" என்றவன், நான் மறுபடி போனபோது அறையையே காலி செய்திருந்தான். காவல் நிலையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் அழுக்கு மூட்டை கொண்டுவரும் வேன் டிரைவர் எங்கள் பாட்டை முணுமுணுத்தார். கூடவே நாங்கள் கட்டாத ஒரு வரி:

"பூட்டு வெளியே, நான் உள்ளே,
மறுமூலைய யார் பிடிப்பா?"

அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "எங்கண்ணே கேட்டீங்க இத?"

"அட, விடும்மா! எங்க பக்கத்து வீட்டுக் காய்கறிக்காரம்மா பாடிக்கிட்டே வண்டி தள்ளும்."

காய்கறிக்காரம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள். கையில் போன் கிடையாது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அந்த வரியையும் சேர்த்துப் பாடி, "இத எங்க கேட்டீங்கன்னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று வீடியோ எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஊருக்கு என்மேல் இரக்கம் வந்ததோ இல்லையோ, பாட்டு பிடித்துப்போயிற்று. நான் கும்பிடுகிற இடத்தை யாரோ வெட்டி எறிந்தார்கள். ஒருவன் மேளம் சேர்த்தான். கட்டட வேலைக்காரர்கள் மூலைக்குப் பதில் செங்கல்லைப் பிடிக்கச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகள் பூட்டுக்குள் வாத்தியாரைத் தள்ளினார்கள். ஒரு புதுமணத் தம்பதி எதிரெதிரே நின்று ஆடினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. யார் வாயில் விழுந்தாலும் பாட்டு அவர்கள் கதையைத்தானே சொல்லும்? என் கதையை யாரும் கேட்கவில்லை.

காய்கறிக்காரம்மா திரும்பியதும் ஓடினேன்.

"தெரு தெரியும் கண்ணு, வீடு எதுன்னு பாத்ததில்ல. ஏதோ மாடி ஜன்னல்லேர்ந்து தினமும் கேக்கும். வா, சத்தம் வர்ற வீட்டக் காட்டிடுறேன்."

நீளமான தெரு, இரண்டு பக்கமும் மாடி வீடுகள். முதல் ஜன்னலிலேயே பாட்டு கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த ஜன்னலிலும் கேட்டது. எதிர்வீட்டில் மேளத்தோடு கேட்டது. காய்கறிக்காரம்மா வண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"முன்னயெல்லாம் ஒரே வீட்டுலதான் கேக்கும் கண்ணு."

பூட்டு வரி கேட்ட ஒரு கதவை இடித்தேன். துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தாள். "ஐயோ, நீங்க அந்த வீடியோ அக்காதானே! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

தங்கையைப் பெயர் சொல்லிக் கத்தவும் பயம். பூட்டியவன் உள்ளே இருந்தால் அவள் வாயைப் பொத்திவிடுவான். பாட்டென்றால் அவனுக்குச் சந்தேகம் வராது. தெரு நடுவில் நின்று, தொண்டை கிழியப் பாடினேன்.

"முன்னால வா!"

மாடிகளிலிருந்தும் பால்கனிகளிலிருந்தும், சிரித்துக்கொண்டும் கைதட்டிக்கொண்டும், தெருவே பதில் பாடியது.

"மூலையப் பிடி!"

அத்தனை குரலில் அவள் குரல் இருந்ததா என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. மறுபடியும் பாடினேன். அவர்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.