தேசப்பன் வீட்டு லைப்ரரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று செங்கல்பட்டில் என் மாமியார் சொல்லாத நாள் கிடையாது. இருக்கட்டும். அந்த ஐப்பசியில் நான் வேலை பார்த்த குப்பத்து லைப்ரரியில் வந்து உட்கார்ந்திருந்தால் மாமியாருக்கும் வந்திருக்கும்.

லைப்ரரி என்றால் தேசப்பன் வீட்டு முன்னறைதான். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த வீடு. எழுபத்தொன்றில் கிளை நூலகம் வந்தபோது குப்பத்தில் ஓடு போட்ட வீடு அது ஒன்றுதான். இரண்டு பெஞ்சு, சில அலமாரி, பஞ்சாயத்து கொடுத்த டிரான்சிஸ்டர். சாயங்காலமானால் கால் வைக்க இடமிருக்காது. நான் பேப்பரை உரக்கப் படிக்க வேண்டும், மனு எழுதித் தர வேண்டும். திருப்போரூரில் மீன் விற்றுவிட்டு வரும் பெண்கள் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்து வாரப் பத்திரிகையில் படம் பார்ப்பார்கள். ரேடியோவில் காற்று மழைச் செய்தி கேட்ட பிறகுதான் கூட்டம் கலையும். மறுநாள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அதில்தான் இருந்தது.

அப்படியிருக்க, தேசப்பன் தன் இறாலைக் கரை ஏலத்துக்குக் கொண்டு வராமல் மதராஸ் லாரிக்காரனுக்கு நேராக விற்றான். ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது. அவன் வாசற்படியை யாரும் மிதிக்கக் கூடாது. அவனோடும் அவன் மனைவி மாரியம்மாவோடும் யாரும் பேசக் கூடாது. பேசினால் பேசியவருக்கும் அதே கதி. மறுநாளே லைப்ரரி காலி. வாசற்படி அவனுடையது ஆயிற்றே!

உட்காருவேன், எழுந்திருப்பேன், துடைத்த அலமாரியையே மறுபடி துடைப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பழைய வாசகர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கமாகப் போவார்கள். பின்கட்டிலிருந்து மாரியம்மா மட்டும் வந்து, "ரேடியோவ கொஞ்சம் சத்தமா வைம்மா" என்பாள். தேசப்பனோடு கட்டுமரம் ஏற யாரும் வருவதில்லை, அவன் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தான். அவளுக்கு ஊரே அந்த ரேடியோதான்.

மேலதிகாரி வந்தார், காலி பெஞ்சைப் பார்த்தார். "ஆள் வரலேன்னா கிளையைச் சாத்திடலாம்மா. உங்களைச் செங்கல்பட்டுக்கே எடுத்துக்கிறோம்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். வீட்டில் பாயசம் வைக்காத குறை. எனக்கோ இரவெல்லாம் தூக்கமில்லை. நாலைந்து பேரின் வீம்புக்கு ஒரு லைப்ரரியைச் சாத்துவதா என்று உடம்பெல்லாம் எரிந்தது.

ஊர்த்தலைவர் காத்தவராயனைப் பிடித்தேன். "லைப்ரரி கவர்மென்ட்டோடது, நாட்டாரே!"

"வூடு தேசப்பனோடது" என்றார் அவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டுப்பாடு வூட்டுக்குத்தாம்மா, புக்குக்கு இல்ல. வெளிய எட்துனு வா, நாங்க வராம பூடுவமா?"

செய்தேன். மறுநாள் காலையிலேயே பெஞ்சையும் பேப்பரையும் ரேடியோவையும் வலை பின்னும் கொட்டகைக்கு மாற்றினேன். அன்று சாயங்காலம் குப்பமே திரண்டு வந்தது. வென்றுவிட்டேன் என்று எனக்கு ஒரே தலைகால் புரியாத சந்தோஷம். காற்று ஊளையிட்டது. ரேடியோவைத் திருப்பினேன். கரையோரம் காற்று கடுமையாகும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது. "நல்ல வேள, யாரும் போவல" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் கொட்டகைக்கு வெளியே மணலில் மாரியம்மா நிற்பதைப் பார்த்தேன். தலைமுடி பறக்க, என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "எங்க ஆளு மதியமே பூட்டாரும்மா. ரேடியோ வூட்ல இருந்திருந்தா, மத்தியான சேதி கேட்டு நிறுத்தியிருப்பேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் காத்தவராயன் எழுந்துவிட்டார். அவளுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழம்தான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"லைப்ரரியம்மா, எந்தப் பக்கம் போனான்னு கேளு."

"எந்தப் பக்கம் போனார், மாரியம்மா?"

"நெம்மேலிப் பக்கம்னு சொல்லும்மா."

"நெம்மேலிப் பக்கமாம், நாட்டாரே."

"பாய் கட்டிக்கினு போனானா, துடுப்பா?"

அதையும் கேட்டேன், அதையும் சொன்னேன். செவிடர்களுக்கு நடுவே தரகு பேசுவது போல. வேறு நாளாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். காத்தவராயனும் இன்னும் சிலரும் இரண்டு கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் போனார்கள். பெண்கள் கரையில் ஓலையைக் கொளுத்திப் பிடித்தார்கள். காற்று அணைக்க அணைக்க மறுபடி கொளுத்தினார்கள். மாரியம்மா தள்ளித் தனியாக நின்றாள். நான் அவள் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நான் வீடு திரும்ப வேண்டிய செங்கல்பட்டு பஸ் போய்விட்டது.

ஒரு கட்டுமரம் முதலில் கரை தட்டியது. காத்தவராயன் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். எதிரே மாரியம்மா. அவள் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, மனுஷன் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

"அழுவாத தங்கச்சி! வந்துகினு கீறான், பின்னால வந்துகினு கீறான்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேசியவருக்கும் அதே கதி. அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். குப்பமே அவரைப் பார்த்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் காதில் ஒண்ணும் விழலை" என்றேன் நான், உரக்க.

யாரும் அசையவில்லை. இந்தப் பொம்பளை வெளியூர்க்காரி, இவள் சொல்லி என்ன என்று நினைத்தார்களோ என்னவோ.

அப்போது மீன்காரி குப்பம்மா ஓலையைக் கீழே போட்டாள். "இன்னா காத்துடா இது, காத அடைக்குது. எனக்கும் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"எனக்கும் கேக்கல" என்றது இருட்டில் ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. அலைக்குள் இரண்டாவது கட்டுமரம் தெரிந்தது, அதில் குந்தியிருந்த தேசப்பனும். குப்பம்மா நேராகப் போய் மாரியம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீரோரம் இழுத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.