பெள்ளியப்பாவின் முன்பல்

அந்த வருஷம் குடும்ப ஹாக்கிப் போட்டியில் பெள்ளியப்பாவும் அவர் மகள் தேச்சம்மாவும் ஒரே அணியில் ஆடினார்கள். குடகில் இது புதிதல்ல. ஆனால் அந்த வீட்டில் பெரிய விஷயம். தேச்சம்மாவின் அம்மா இறந்தபின் ‘சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா’ என்பதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை. பட்டாளத்தில் சுபேதாராக இருந்த மனிதர் அவர்; பேச்சும் அளந்துதான் வரும்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பந்து எகிறி வந்து அவர் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பல் வேரோடு புல்லில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார், பாட்டில் தண்ணீரில் அலசினார், கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார். மகள் ஓடி வந்தாள்.

“பல்லு போனா என்ன, காலு இருக்கில்ல? நீ முன்னால போ குஞ்ஞி,” என்றார். குடகுப் பேச்சில் குஞ்ஞி என்றால் குழந்தை.

ஆட்டம் முடியும்வரை அவர் வெளியே வரவில்லை. தோற்றுத்தான் போனார்கள். தேச்சம்மாவே ஜீப்பை விராஜ்பேட்டைக்கு ஓட்டினாள்.

அங்கே ஷெரின் என்ற இளம் பல் டாக்டர் பல் எங்கே என்று கேட்டதும் பெள்ளியப்பா உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். வாய்க்குள்ளேயே ஈரமாக வைத்திருந்ததால்தான் முயற்சி செய்யவாவது முடிகிறது என்றாள் அவள். நேரம் கடந்துவிட்டதால் வெறுமனே நட்டால் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகலாம். அவருடைய ரத்தத்திலிருந்தே புண் ஆற்றும் பகுதியைப் பிரித்து உள்ளே வைத்துப் பார்க்கலாம். உறுதி மட்டும் கேட்காதீர்கள் என்றாள்.

பெள்ளியப்பா சட்டைக் கையை மடித்து நீட்டினார். “பட்டாளத்துல யார் யாருக்கோ ரத்தம் குடுத்திருக்கேன். எனக்கே குடுக்கிறது இப்பதான்.”

குழாயில் எடுத்த ரத்தத்தை இயந்திரம் சுற்றியது. நின்றபோது அடியில் சிவப்பும் நடுவில் மஞ்சள் நுங்கு போல ஒரு கட்டியும் தெரிந்தன. டாக்டர் அதை மெல்ல அழுத்திப் பல்குழியில் வைத்து, மேலே பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்தாள்.

பிறகுதான் அந்த நாட்கள் வந்தன. கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையும் பன்றிக் கறியும் தடை; கஞ்சிதான். உதடு வீங்கி ‘ச’ எல்லாம் ‘த’ ஆனது. “தேத்தம்மா” என்று அவர் கூப்பிட்டதும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. கஞ்சி ஆறும்வரை அடுப்படியிலேயே உட்காரத் தொடங்கினார். ஒருநாள், கேட்காமலேயே, பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னார். காப்பி குடித்து முடிக்கும்வரை இவர் வாயே திறக்கவில்லையாம். அம்மா தன் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டாளாம்: “இவருக்குப் பேத வருமா?”

இருவரும் சிரித்து ஓய்ந்தபின் வெகுநேரம் அம்மாவைப் பற்றியே பேசினார்கள். வீக்கம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று தேச்சம்மாவுக்குத் தோன்றியது.

வீக்கம் வடிந்தது. பிறகு கம்பி எடுத்தார்கள், வேருக்கு வைத்தியம் செய்தார்கள். பல் ஆடவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரே படத்திலும் வேர் கரையாமல் நிற்பதைப் பார்த்து டாக்டர் ஷெரினே வியந்தாள். பேச்சும் நிற்கவில்லை, மாலைக் காப்பிக்கு அவர் அடுப்படிக்கே வந்தார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் பெள்ளியப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தேச்சம்மா பட்டாளத்தைப் பற்றியோ ஹாக்கியைப் பற்றியோ சொல்லவில்லை. அந்தக் கஞ்சி நாட்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.