ஞாயிற்றுக்கிழமை வந்த இரண்டு ட்ரெய்லர்கள்

கஞ்சிக்கோட்டில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த லாரி ஷெட்டில், மேற்பார்வையாளர் பிஜுவின் மேஜைக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு வண்டிச் சாவி. காலி ட்ரெய்லர் வந்து சேர்ந்ததும் முதல் ஆணிக்காரரின் பெயரை பிஜு மைக்கில் கூப்பிடுவார். அரை மணி நேரத்துக்குள் அந்த ஓட்டுநர் லாரியின் தலைப்பகுதியான தன் இன்ஜினைப் பின்னால் எடுத்து ட்ரெய்லரைக் கோத்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லையென்றால் சாவி கடைசி ஆணிக்குப் போய்விடும். முன்னால் ஓர் ஆணி காலியானால் பின்னால் இருக்கிற சாவிகள் ஒவ்வோர் ஆணி முன்னேறும்.

முன்பெல்லாம் இரண்டு நாள் காத்திருந்தால் போதும். இப்போது பன்னிரண்டு நாள் ஆகிறது. கம்பெனி புதிதாக இன்ஜின்களை வாங்கியது. அதற்கேற்ற ட்ரெய்லர்களை வாங்கவில்லை. இருக்கிற ட்ரெய்லர்களும் நாக்பூரிலும் புனேயிலும் சரக்கை இறக்காமல் வாரக்கணக்கில் நிற்கின்றன. ஓட்டுநருக்குக் கூலி ஓடுகிற கிலோமீட்டருக்குத்தான். நிற்கிற நாளுக்குச் சாப்பாட்டுப் படி மட்டும்.

"நம்ம கம்பெனி ராவணன் மாதிரில்லா. தல நெறைய இருக்கு, ஒடம்பு ஒண்ணுதான்" என்பான் பீர்மேட்டுக்காரன் ஜோஜோ. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் பலகையைப் பார்ப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை முதல் ஆணியில் அமிர்தநாதனின் சாவி இருந்தது. இரண்டாவது ஆணியில் செங்கோட்டையனின் சாவி.

அமிர்தநாதன் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டைச் சேர்ந்தவன். மகள் பின்சிக்கு ஞாயிறு காலையில் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்தப் பூசையில் தாயும் தகப்பனும் இருபுறமும் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். மூத்தவனுக்கு நடந்தபோது அமிர்தநாதன் நாக்பூரில் நின்றான். சித்தப்பன்தான் கைபிடித்துப் போனார். இந்த முறை பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் போக முடியவில்லை. போன நேரத்தில் ட்ரெய்லர் வந்துவிட்டால் பன்னிரண்டு நாள் காத்திருப்பும் வீணாகிவிடும்.

மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பதைச் செங்கோட்டையன் பார்த்தார்.

"ஏன் தம்பி, சோறு என்ன தப்புப் பண்ணுச்சு?"

அமிர்தநாதன் விஷயத்தைச் சொன்னான். செங்கோட்டையன் வடகரப்பதிக்காரர், ஐம்பது வயது. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பூசை என்ன, புதுநன்மை என்ன என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"புள்ள கையப் புடிக்கோணும், அவ்வளவுதான? கெளம்பு. நாளைக்கு வண்டி வந்தா நானு கோத்து வெக்கறேன்."

"பிஜு சேட்டன் ஒத்துக்கிடுவாரா அண்ணே?"

குளிக்கப் போனவருக்கும் டீக்கடைக்குப் போனவருக்கும் அடுத்த ஆணிக்காரர் கோத்துக் கொடுப்பது அங்கே வழக்கம்தான். ஒரு நாள் முழுக்க ஊருக்குப் போனவருக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

"அவருகிட்டப் பொய் சொல்லப் போறதில்ல. உள்ளதச் சொல்லிக் கேக்கறேன். நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு ட்ரெய்லர் வந்தது. பிஜு அமிர்தநாதனின் பெயரைக் கூப்பிட்டார். செங்கோட்டையன் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஊருக்குப் போயிருக்கறானுங்க. புள்ளைக்குக் கோயில்ல விசேசம். அவன் வண்டிய நானு கோத்துடறேன்."

பிஜு பேனாவை மேஜையில் வைத்தார். "சேட்டா, கோக்கறது மட்டும் இல்ல. மத்தியானம் ஃபேக்டரில கம்பி லோடு. லைன்ல ஆள் வேணும். ஆள் இல்லாத வண்டிய வெளில தள்ளும்."

"அங்கயும் நானே போய் நிக்கறனுங்க."

"அப்ப உங்க பேரு வந்தா?"

"ஞாயித்துக்கெழமை ரெண்டு ட்ரெய்லர் வந்ததுண்டுங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிஜுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஓர் அந்தோணியார் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பவர். முதல் ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

இரும்பு ஆலை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாசலுக்கு உள்ளே ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. மத்தியானம் இரண்டு மணிக்குச் செங்கோட்டையனுக்கு முன்னால் இன்னும் இரண்டுதான் பாக்கி. அப்போது ஜோஜோ போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, இன்னொண்ணு வந்துருக்கு. உங்க பேரக் கூப்ட்டாச்சு."

செங்கோட்டையன் இன்ஜினை அணைத்தார்.

"நான் கோத்துத் தாரேன்னு கேட்டுப் பாத்தேன். சேட்டன் முடியாதுங்காரு. காலைல நடந்தத முதலாளி கேமரால பாத்துட்டு அவரக் காய்ச்சி எடுத்துருக்காரு. ஒரு ஆட்டோ புடிச்சு வந்துருங்கண்ணே. அரமணி நேரம் இருக்குல்லா."

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். வாசலில் ஆட்டோ நின்றது. கையைத் தட்டினால் வந்துவிடும். பதினோரு நாள் காத்திருந்தாயிற்று. வீட்டில் கிணற்று மோட்டார் எரிந்துபோய்க் கிடக்கிறது. இந்த நடை போய்வந்ததும் சரி பண்ணிவிடலாம் என்று மனைவி செல்லாத்தாளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். சோளம் வாடுவதைத் தினமும் போனில் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முன்னால் நின்ற வண்டி புகை விட்டு நகர்ந்தது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார்.

"ஏனுங்க, எடுக்கறீங்களா, இல்ல நாங்க முன்னால போறதா?"

அவர் ஆட்டோவையும் பார்த்தார், ட்ரெய்லரையும் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி முன்னால் எடுத்தார். பெரிய தியாகம் செய்வதாக அவர் நினைக்கவில்லை. சொல்லிவிட்டோமே என்றுதான் நினைத்தார். சொன்ன சொல்லுக்காக நிற்கிற நேரத்தில் மனம் ஒன்றும் குளிர்ந்துவிடுவதில்லை. அவருக்கும் அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார். கடவுள் கணக்கில் எடுப்பது எரிச்சலையா, நின்றதையா? நின்றதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய சாவி பத்தாவது ஆணியில் கடைசியாகத் தொங்கியது. அவர் பெயருக்கு வந்த ட்ரெய்லரை மூன்றாவது ஆணிக்காரர் கோத்துக்கொண்டு போயிருந்தார். முறைப்படி அது அந்த மூன்றாமவருக்குரியதுதான்.

ஆறு மணிக்கு அமிர்தநாதன் ஓடிவந்தான். வந்ததும் போனில் படத்தைக் காட்டினான். வெள்ளைக் கவுனும் பூமுடியுமாகப் பின்சி, ஒரு பக்கம் தாய் சந்தனமேரி, மறுபக்கம் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்ட அமிர்தநாதன்.

"பித்தானக் கூடப் பாக்கலயா தம்பி?" என்று செங்கோட்டையன் சிரித்தார்.

அவனும் சிரித்தபடி நிமிர்ந்தவன் பலகையைப் பார்த்துவிட்டான். யாரும் எதுவும் சொல்லாமலே அவனுக்கு விளங்கியது.

"அண்ணே, இந்த லோட நீங்க கொண்டு போங்க."

"சீட்டு உம் பேருல இருக்குது. புள்ளயோட நல்ல நாளும் அதுவுமா வம்பு பண்ணாத. கெளம்பு."

ஒன்பதாவது ஆணி ஜோஜோவுடையது. அவன் எழுந்துபோய்த் தன் சாவியைப் பத்தாவதில் மாட்டி, செங்கோட்டையனின் சாவியை ஒன்பதாவதில் மாட்டினான்.

"ஜோஜோ, முதலாளி..." என்றார் பிஜு.

"கூப்பிட்டப்ப இல்லாதவரு கடைசிக்குப் போகணும். போயாச்சுல்லா? பொறவு நாங்க எடத்த மாத்திக்கிட்டா உங்களுக்கு என்ன சேட்டா?"

பிஜு பேனாவை மூடினார். "நான் டீ குடிக்கப் போறேன்" என்று வெளியே போனார்.

எட்டாவது ஆணிக்காரர் எழுந்தார். பிறகு ஏழு, ஆறு, ஐந்து. அவரவர் சாவியை ஒவ்வோர் ஆணி பின்னால் தள்ளினார்கள். செங்கோட்டையன் வேண்டாமென்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நாலாவது ஆணி வினோவுடையது. அவன் எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாதுண்ணே" என்றான் தலையைக் குனிந்தபடி. "அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேசன்."

"நானு கேக்கவே இல்லியே கண்ணு" என்றார் செங்கோட்டையன்.

சாவி ஐந்தாவது ஆணியில் நின்றது. அமிர்தநாதன் அவர் கையைப் பிடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

பிறகு செல்லாத்தாள் போனில் கூப்பிட்டாள். செங்கோட்டையன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். 

"மோட்டாரு?"

"லோடு கெடைக்கவே இன்னும் நாலஞ்சு நாளாகும்."

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு மடை தண்ணி கேட்டுப் பாக்கறனுங்க. குடுக்கலைன்னா சோளத்த மாட்டுக்கு அறுத்துப் போடலாம்" என்றாள். பிறகு, "நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுல சோறு கொண்டாறேன். எடம் மாத்திக் குடுத்த அந்த அஞ்சு பேருக்கும் சேத்து ஆக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

வினோ தன் வண்டி நிழலில் தனியாக, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அஞ்சு பேருக்கு மட்டும் ஆக்குனாப் பத்தாது" என்றார் செங்கோட்டையன். "இங்க பத்துப் பேரு இருக்கறோம். எல்லாருக்கும் ஆக்கு."