நிமிடத்துக்கு ஒரு டிகிரி

உலையைத் திறந்து தட்டை வெளியே இழுத்தாள். பீங்கான் தட்டில் பால் வெள்ளையாக இருக்க வேண்டிய சிலிக்கா பொடி பழுப்பேறிக் கிடந்தது.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த தம்பி ஒருவனே. அவன் கல்லீரலில் கட்டியோடு படுத்திருக்கிறான். புது மருந்தை முதலில் போட்டுப் பார்க்கும் பத்துப் பேரில் அவனும் உண்டு.

வேலை இதுதான். சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சுற்றிச் சிலிக்காவை இறுகவிட்டு, பிறகு சோப்பை எரித்துவிட வேண்டும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகும். துளைகளில் மருந்தை நிரப்பி மூடினால், வழியில் சிந்தாமல் கட்டிக்குள் போய்த்தான் திறக்கும். எரிக்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் சூடு ஏறலாம். விரட்டினால் சோப்பு சரியாக எரியாமல் கருகி, துளைகளும் இடிந்துவிடும். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்று பதினோரு வருடமாகப் புதியவர்களின் காதைத் துளைத்தவள் அவள். அவளேதான் நேற்று ஐந்து டிகிரி என்று அழுத்தினாள். ஒரு நாள் முன்னால் தம்பிக்கு ஊசி போடலாமே என்ற ஆசை. பாழாய்ப்போன ஆசை!

அளந்து பார்த்தாள். பாதித் துளைகள் இடிந்து அடைபட்டிருந்தன. பழைய நல்ல பொடியோடு கலந்தால் நிறமும் அளவும் சரியாகிவிடும், ஒருவருக்கும் தெரியாது. கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, தலைமை விஞ்ஞானியிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"முதல்லேர்ந்துதான்மா. பதினெட்டு நாள் ஆகும்," என்றார் அவர்.

தம்பிக்குப் போன் போட்டாள். "தப்புப் பண்ணிட்டேன்டா. உனக்காக அவசரப்பட்டேன். கலந்து அனுப்பிடலாமான்னுகூடத் தோணுச்சு. அனுப்பலை. இனி பதினெட்டு நாள் ஆகும்."



"மத்த ஒம்போது பேருக்கும் ஒரு அக்கா இருப்பாங்கல்ல," என்றான். "மெதுவாவே சுடு. டாக்டர் எனக்கு ஒரு மாசம் சொல்லியிருக்காரு."

டாக்டரின் கணக்கும் தப்பியது. பதினான்காம் நாள் அவன் போய்விட்டான்.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். பதினெட்டாம் நாள் பத்துக் குப்பிகள் தயாராயின. பத்தாவது, பட்டியலில் அடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு. அதில் முன்பே ஒட்டியிருந்த தம்பியின் எண் சீட்டை அக்காவே உரித்தாள். அந்தப் பெண்ணின் எண்ணை எழுதி, ஓரம் தூக்காமல் அழுத்தி ஒட்டினாள்.