ரிலே கம்பம்

இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோது மூக்கம்மாள் கம்பியில்லாத் தந்திக்காக எங்கள் முற்றத்தில் நட்டிருந்த ஏரியல் மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈரச் சேலை, இடுப்பில் இன்னொரு குடம், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. அவளுக்குப் பின்னால் ராஜாத்தி, இருளம்மாள், சண்முகத்தாய் என்று இன்னும் ஐந்து பேர் குடத்தோடு நின்றார்கள். மரத்தின் இடுப்புயரத்தில் வேப்பிலைக் கொத்து வேறு கட்டியிருந்தது. வீரபாண்டியில், அதுவும் சர்ச்சுக்குப் போகும் ஒரு வேதக்காரன் வீட்டு ஜின்னிங் மில் முற்றத்தில், இப்படி ஒரு காட்சியைப் பார்ப்போம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கமாட்டார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, வந்த காரியத்தை மறந்தவர் போல மரத்தின் உச்சியையே அண்ணாந்து பார்த்தார்.

அந்த மரத்தை நட்டது என் வீட்டுக்காரர் ஞானதுரை. பஞ்சு விலையைவிடக் கம்பியில்லாத் தந்தியில்தான் அவருக்கு அக்கறை. லைசென்ஸ் வாங்கினார், தேனி கடைவீதி முழுக்கச் சிரிக்கச் சிரிக்கத் தகரமும் தாமிரக் கம்பியும் வாங்கிக் குவித்தார். கம்பிச் சுருள் சுற்றுவதற்கு என் ஊறுகாய் ஜாடிகள் இரண்டும் போயின. பஞ்சு வாங்க வெளியூர் போகும் நாட்களில் மெஷினுக்கு ஆள் வேண்டுமே என்று எனக்கும் தந்தி அடிக்கும் கட்டு, கடாவைக் கற்றுக்கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அவரைவிட என் கை வேகமாகிவிட்டது. அது அவருக்குப் பெருமையா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை.

எங்கள் ஸ்டேஷனுக்கு வேலை ஒன்றுதான். போடிக்கு மேலே, மலை மடிப்புக்குள் இருக்கிற ஏலத்தோட்டத்தில் செல்வமணி என்று ஒரு கணக்கப்பிள்ளை, பேட்டரியில் ஓடுகிற சின்னக் கருவி வைத்திருந்தான். மதுரையில் ஒரு வக்கீல் இன்னொன்று வைத்திருந்தார். மலையில் அடிப்பது மதுரைக்கு எட்டாது, மதுரையில் அடிப்பது அந்த மடிப்புக்குள் விழாது. நடுவில் நாங்கள். ஒருவரிடம் கேட்டதை எழுத்து பிசகாமல் பெரிய சக்தியில் மற்றவருக்குத் திரும்ப அடிப்போம். என் வீட்டுக்காரர் அதை ரிலே ஸ்டேஷன் என்பார். மில்லின் ஆயில் இஞ்சினிலிருந்து சுவர் ஓட்டை வழியாக ஒரு பெல்ட் வரும், அது அடுத்த அறையில் டைனமோவைச் சுற்றும். எங்களுடைய பெரிய சக்தி என்பது அந்த இஞ்சின்தான்.

ஆவணியில் மலையில் அம்மை பரவியது. சர்க்கார் மலைப்பாதையை மூடிவிட்டது. மேலே போனவன் கீழே வரக்கூடாது, கீழே இருப்பவன் ஏறக்கூடாது. ஏலப்பழம் எடுக்கப் போன பெண்களும் பிள்ளைகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதமே எங்கோ ஜெர்மனியில் சண்டை மூண்டது. எல்லா லைசென்சும் ரத்து, கருவிகளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாங்கள் ஒப்படைக்கவில்லை. நாங்கள் என்று சொல்வது மரியாதைக்கு. ஒப்படைக்கமாட்டேன் என்றவள் நான்.

செல்வமணியின் பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றவேண்டுமென்றால் கீழே போடிக்குச் சுமந்து வரவேண்டும். பாதை மூடியபின் அதில் இருப்பதுதான் இருப்பு. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. உச்சிப்பொழுதில் அவன் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பான். நான் கூப்பிட்டது விழுந்தால் தோட்டத்துப் பெயர்களை வரிசையாக அடிப்பான். விழாவிட்டால் அணைத்துவிட்டுப் போய்விடுவான். அவனாக ஒருநாளும் பேசமாட்டான்.

அந்தப் பெயர்களுக்காகத்தான் இந்தப் பெண்கள் தினமும் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மை இறங்கியவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிள்ளை பிழைத்துவிட்டது என்று அர்த்தம். நான் காதில் குழலை மாட்டிக்கொண்டு, "சண்முகத்தாய் மகன், காய்ச்சல் விட்டுருச்சு. ராஜாத்தி தங்கச்சி, முத்து வாடுது" என்று ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல வெளியே ஒருத்தி அழுவாள், ஒருத்தி கும்பிடுவாள். மூக்கம்மாளின் ஒரே மகள் பவுனு. அவளுக்கு முகம் தெரியாமல் முத்துப் போட்டிருக்கிறது என்று வந்ததிலிருந்து மூக்கம்மாள் சோறு தின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கூத்து எங்களால் வந்ததுதான். மரத்தடியில் இவர் ஒரு தாமிரத் தகட்டை உப்பும் கரியும் போட்டுப் புதைத்திருந்தார். தரை ஈரமாக இருந்தால் கருவி நன்றாக வேலை செய்யும் என்று காலையில் ஒரு குடம் தண்ணீர் அவரே ஊற்றுவார். மூக்கம்மாள் இதைப் பார்த்தாள். கௌமாரியம்மன் கோயிலில் சித்திரையில் கம்பம் நட்டு இப்படித்தானே தண்ணீர் ஊற்றுவார்கள். வேதக்காரராக இருந்தாலும் மனசுக்குள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார், வெளியே சொல்ல வெட்கம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் மஞ்சளும் வேப்பிலையும் வந்துவிட்டன. எங்கள் சர்ச் உபதேசியார் கேள்விப்பட்டு ஓடிவந்து, இது விக்கிரக ஆராதனை என்று குதித்தார். "தண்ணி தரைக்குத்தான போகுது. தரை கர்த்தர் படைச்சதுதான?" என்றேன். மனிதர் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறு பேர் குடம் குடமாக ஊற்றத் தொடங்கியபின் எங்கள் சத்தம் மலையில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று செல்வமணி சொன்னான். இவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"இங்க ஞானதுரைங்கிறது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கருவியின் கண்ணாடி வால்வுகளை உடையாமல் கட்டி அனுப்ப வைக்கோல்கூட எடுத்துவைத்திருந்தார். முந்தைய நாள்தான் என்னிடம், நீ சொன்னால் சரி, என்று தலையாட்டிய மனிதர்.

"சண்டைக் காலம்மா. எவன் வேவு பாக்கிறான், எவன் சேதி அனுப்புறான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் யாரிடம் பேசவேண்டும் என்பது அவருக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது.

"ஏலப்பழம் பறிக்கப் போன பிள்ளைகளுக்கு அம்ம எறங்குதா இல்லையான்னு தெரிஞ்சு ஜெர்மன்காரன் என்னய்யா செய்யப் போறான்?"

"அத நீங்க கோர்ட்டுல கேளுங்க. ஏப்பா, அந்த மரத்த எறக்குங்க."

கூட வந்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் மரத்தடிக்குப் போனார்கள். ஒச்சாண்டி என்கிறவன் மஞ்சள் ஈரத்துக்கு நாலடி முன்னால் நின்றான். குனிந்து செருப்பைக் கழற்றினான். அப்புறம் நகரவே இல்லை. மற்றவனும் அவனைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டான். மூக்கம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் முதுகைச் சாய்த்தாள்.

"ஊத்திக்கிட்டிருக்கப்ப கம்பத்தப் புடுங்கப்படாதுய்யா. எங்க பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊத்துறமட்டும் இது நிக்கணும்."

"கம்பம் சித்திரையிலதான நடுவீக? இது புரட்டாசி."

"அங்கன கோயில்ல சித்திரைக்குத்தான். இப்ப அங்கன கம்பம் இல்ல. இங்கன இருக்கு."

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. ஈரச் சேலையோடு நிற்கும் ஆறு பெண்களை இழுத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் ஊரே திரண்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"மரம் நிக்கட்டும். இஞ்சின நிறுத்துங்க."

இவர் போய் நிறுத்தினார். எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கேட்டுக் காதுக்கே தெரியாமல் போயிருந்த டக்டக் சத்தம் நின்றதும் முற்றமே காலியானது போல இருந்தது. இன்ஸ்பெக்டர் இஞ்சின் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கருவிகளை ஏற்ற வண்டியும், கூட நாலு ஆளும் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஒச்சாண்டியைக் காவல் வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மர நிழல் அடிக்குள் சுருங்கி வந்தது.

"தாயி, இன்னைக்குக் கேக்க முடியாதா?" என்றாள் மூக்கம்மாள்.

"கேக்குறது பேட்டரியில கேக்கலாம். ஆனா நாம கூப்பிடாம அவன் பேசமாட்டான். கூப்பிடுறதுக்கு இஞ்சின் ஓடணும்."

"எம்பிள்ளைக்கு இன்னைக்குத் தெரிஞ்சுருமுன்னு நேத்துச் சொன்னானே."

சொல்லியிருந்தான். இன்று காய்ச்சல் இறங்கினால் தண்ணீர் ஊற்றுவோம், இறங்காவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் அடித்திருந்தான். பின்பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை.

"விட்டுரு சுகிர்தம்," என்றார் இவர், குரலைத் தாழ்த்தி. "லைசென்ஸ் எம்பேருல இருக்கு. செயிலுக்கு நாந்தான் போகணும்."

"லைசென்சுதான் ரத்தாயிருச்சுல்ல? இனிமே உங்க பேரு என்ன, எம்பேரு என்ன? நான் அடிக்கிறேன், நான் போறேன்." இந்த மனிதர் உள்ளங்கை கொப்பளிக்கக் கம்பி சுற்றியதும், வால்வு முதன்முதலாகச் சிவந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி முற்றத்தைச் சுற்றி ஓடியதும், ஒரு பூட்டுக்கு முன்னால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தானா?

மூக்கம்மாள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இஞ்சின் வருவதற்கு முன்னால், என் மாமனார் காலத்தில், பஞ்சு அரைத்த பெரிய கைச்சக்கரம் தூசி மண்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மரச்சக்கரம். அதைச் சுற்றியவர்களில் மூக்கம்மாளும் ஒருத்தி.

"தாயி, அந்தப் பெல்ட் வாருக்கு இஞ்சின்தான் வேணுமா? எது சுத்துனாலும் சுத்துமா?"

நான் பதில் சொல்வதற்குள் நாலு பேர் கிட்டங்கிக்குள் போய்விட்டார்கள். சக்கரத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்து டைனமோ அறை வாசலில் இறக்கி, சட்டத்தின் மேல் நெல் மூட்டை வைத்து அழுத்தினார்கள். சக்கரத்தின் பழைய பெல்ட்டை டைனமோவுக்கு மாட்டினேன். காவலுக்கு இருந்த ஒச்சாண்டியை எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"இஞ்சின் ஓடப்படாதுன்னுதான் அய்யா சொல்லிட்டுப் போனாக. வேற எதுவும் எங்கிட்டச் சொல்லல."

பக்கத்துக்கு மூன்று பேராகப் பிடித்தார்கள். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு அசைந்தது, அப்புறம் வேகம் பிடித்தது. வால்வுக்குள் மங்கலாகச் சிவப்பு வந்தது. வழக்கமான பிரகாசத்தில் பாதிகூட இல்லை. நான் தந்தி அடிக்கும் சாவியை அழுத்தினேன். அழுத்திய அதே கணத்தில் சக்கரம் கனத்தது. கைப்பிடியில் இருந்தவர்கள் முன்னால் சரிந்தார்கள். விட்டேன், இலேசானது. மறுபடி அழுத்தினேன், கனத்தது. நான் அடித்த ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு கடாவும் அவர்கள் தோளில் போய் இறங்கியது. இஞ்சின் இருந்தவரை ஓர் எழுத்துக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

கூப்பிட்டேன். காதில் இரைச்சல்தான். சுருதி விலகியது, திருகிச் சரிசெய்து மறுபடி கூப்பிட்டேன். மூச்சு வாங்குகிற சத்தமும் அச்சு அலறுகிற சத்தமும் அறையை நிறைத்தன. அப்போது அந்த அலறல் திடீரென்று அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். இவர் எண்ணெய்க் குப்பியோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நிறுத்தாதீக, நல்லாச் சுத்துங்க," என்று அவர்களிடம் சொன்னார்.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது மலை பேசியது.

மெலிந்த சத்தம். ஆனால் அவனேதான், அந்த இழுவை எனக்குத் தெரியும். பெயர்களை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயருக்கும் நான் கேட்டேன் என்று திரும்ப அடித்தால்தான் அடுத்ததற்குப் போவான். "சண்முகத்தாய் மகன், ரெண்டாம் தண்ணி ஊத்தியாச்சு," என்று கத்தினேன். "ராஜாத்தி தங்கச்சி, கஞ்சி குடிக்கிறா." சக்கரம் நிற்கவில்லை. சண்முகத்தாய் சுற்றிக்கொண்டே அழுதாள்.

அடுத்த பெயரின் முதல் எழுத்திலேயே அது யார் என்று தெரிந்துவிட்டது. முழுக்க வரும்வரை காத்திருந்தேன்.

"பவுனு. காய்ச்சல் எறங்கிருச்சு. இன்னைக்குக் காலையில மொதத் தண்ணி."

மூக்கம்மாள் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தா, நீ போயி உக்காரு, நாங்க பாத்துக்கிறோம்," என்றாள் பக்கத்தில் நின்ற ராஜாத்தி. வெளியே மாட்டுச் சலங்கையும், ஒன்றுக்கு இரண்டாக வண்டிச் சக்கரங்கள் கல்லில் ஏறும் சத்தமும் கேட்டன. ஒச்சாண்டி எழுந்து நின்றுவிட்டான். இவர் குப்பியைத் தரையில் வைத்துவிட்டுப் போய் வாசலை மறித்து நின்றார்.

"இருளம்மா மகன் பேரு இன்னும் வரலையே," என்றாள் மூக்கம்மாள். "நீ அடி தாயி."

அடுத்தது என்று கேட்டுச் சாவியை அழுத்தினேன். சக்கரம் கனத்தது. மூக்கம்மாள் வெறுங்காலைத் தரையில் ஊன்றி, ஈரத் தோளைக் கைப்பிடிக்குக் கொடுத்துத் தள்ளினாள். வாசலில் யாரோ நிறுத்து என்றார்கள். இருளம்மாள் கைப்பிடியை விடாமல், கண்ணை என் காதுக்குழலிலிருந்து எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.