மெத்தைக் கிடங்கில் பதினோரு பாட்டு

எங்கள் ஹிப் ஹாப் குழுவின் பெயர் வாய்க்கொழுப்பு. பெயர் வைத்தது அக்கா. பாராட்டி வைக்கவில்லை.

மூன்று பேர். பீட் போடுகிறவன் டொக்கு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மேசையில் தொடங்கி அடுத்தவர் முதுகு வரை எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டான். பாடுகிறவன் ஊமை, லிஃப்ட் மெக்கானிக். மைக் முன்னால் நின்றால் பொரிந்து தள்ளுவான், மற்ற நேரத்தில் 'ம்' என்றாலே அதிகம். எழுதுகிறவள் நான். ஆல்பத்தில் பதினோரு பாட்டு. பத்தை ஊமை பாடுவது, கடைசி ஒன்றை நானே பாடுவது என்று பேச்சு. அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற பத்தையும் எழுதினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டூடியோ என்று நாங்கள் சொன்னது அக்கா வீட்டுக்காரரின் மெத்தைக் கடைக் கிடங்கை. மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி வைத்தால் குரல் எங்கும் மோதித் திரும்பாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தான் சாப்பிடப் போவார். அந்த இரண்டு மணி நேரம் எங்களுடையது. பதிலுக்கு மற்ற நேரமெல்லாம் நான் கடையில் நின்று மெத்தை விற்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். மெத்தை விற்றால் சுவர் குறையும். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு புது ஜோடி வந்து மூன்று மெத்தை வாங்கிப் போனார்கள். மறுநாள் டொக்கு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"நேத்து பாடினது ஒரு ரூம் மாதிரி கேக்குது, இன்னைக்குப் பாடினது வேற ரூம் மாதிரி கேக்குது. யாரு வித்தது?"

"நான்தான். இது கடைடா."

"ஆல்பம் முடியிற வரைக்கும் கொஞ்சம் பாத்து வித்துக்கோ."

பார்த்து விற்றேன். அதாவது, விற்கவே இல்லை. ஒல்லியாக இருந்தவர்களிடம் இது கனமான ஆளுக்குத்தான் சரிப்படும் என்றேன். கனமாக இருந்தவர்களிடம் இது தாங்காது என்றேன். முதுகுவலி என்று வந்த ஒருவரிடம், "தரையில படுத்துப் பாருங்களேன்" என்று இலவச வைத்தியமே சொன்னேன். அவர் இரண்டு வாரம் கழித்து வந்து, வலி போய்விட்டதென்று நன்றி சொன்னார். ஊமையோ ஒரு பாட்டை நாற்பது தடவை பாடினால்தான் சமாதானமாகிற ஆசாமி. நாலு மாதம் கடையில் ஈ ஓட்டினோம்.

அத்தான் என்னைச் சந்தேகப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் தன்னையே சந்தேகப்பட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர்ப்பலகையைத் துடைத்தார். வாசலில் ஒரு மெத்தையைப் போட்டுத் தானே ஏறிப் படுத்துக் காட்டினார். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே அக்காவிடம் சொன்னார்.

"எனக்கு வியாபாரம் வரலைம்மா. அண்ணன் அன்னைக்கே சொன்னாரு. அடுத்த மாசம் கடையை மூடிட்டு அவரு டைல்ஸ் கடையிலேயே போய் நிக்கிறேன்."

அந்த அண்ணன் முன்னால் கைகட்டி நிற்கக் கூடாது என்றுதான் அத்தான் இந்தக் கடையையே போட்டார். அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் பாதிச் சாப்பாட்டிலேயே கைகழுவ எழுந்துவிட்டேன்.

அதற்குள் பத்து பாட்டு முடிந்திருந்தது. மறுநாள் என் பாட்டு. அத்தான் அண்ணனிடம் வேலை பேசப் போயிருந்தார். பன்னிரண்டரை மணிக்கு ஒரு ஹாஸ்டல் மேனேஜர் வந்தார்.

"முப்பது மெத்தை வேணும். இன்னைக்கே ஏத்தணும். இருக்கா?"

கிடங்கில் இருந்ததே முப்பத்திரண்டு. இல்லை என்று சொன்னால் ஒரு குருவிக்கும் தெரியாது. நாலு மாதப் பழக்கத்தில் நாக்கு, "இது வந்துங்க..." என்று ஆரம்பித்தும் விட்டது. "நல்ல மெத்தைங்க" என்று முடித்தேன். பேரம் பேசி, மீதி இரண்டையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனார்.

டொக்கு வந்து வெறுங்கிடங்கில் ஒரு முறை கைதட்டினான். சத்தம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

"கிணறு" என்றான்.

"ம்" என்றான் ஊமை.

புதுச் சரக்கு வர இரண்டு வாரம் ஆகும். மைக் இரவல், மறுநாள் மாலை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பத்துப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று டொக்கு மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அத்தான் திரும்பி வந்து கிடங்கைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்தார். "அண்ணே, நான் வரலை. இல்லண்ணே, வரலை." என் பக்கம் திரும்பி, "எல்லாம் உன் கைராசி, பாப்பா" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் என் முகத்தைக் கவனித்து, என்னவென்று டொக்குவிடம் விசாரித்தார். பாட்டுக்குச் சுவரில் நிறுத்த மெத்தை இல்லை என்பதை மட்டும் அவன் சொன்னான்.

மறுநாள் ஒரு மணிக்கு அத்தான் தலையில் மெத்தையோடு தெருவில் நடந்து வந்தார். அவர்கள் படுக்கிற கட்டில் மெத்தை, பூப்போட்ட உறையோடு. பின்னாலேயே அக்கா, வீட்டிலிருந்த போர்வை அத்தனையையும் சுமந்துகொண்டு. போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டோம். மெத்தை என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றான் டொக்கு. ஒற்றை மெத்தை தானாக நிற்காது. அத்தான் பின்னால் நின்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முழுக்க என் பெருமைதான். முதல் எட்டு வரி பிசிறில்லாமல் வந்தது. ஒன்பதாவது வரி, "யார் தயவுலயும் நான் நிக்கல."

வாய் வரவில்லை. பீட் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையைப் பார்த்துத் திரும்பினேன்.

"அத்தான், வந்தவங்களை எல்லாம் வாங்காதீங்கன்னு திருப்பி அனுப்பினது நான்தான். நாலு மாசமா. இந்தப் பாட்டுக்காக."

மெத்தையின் இரு ஓரத்திலும் அவர் விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மெஷின் ஓடுதா?" என்று மெத்தைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓடுது" என்றான் டொக்கு.

"அப்போ பாடி முடி. திட்டுறது அப்புறம். கை வலிக்குது."

பாடி முடித்தேன். பேச்சை வெட்டி எடுத்துவிடலாம் என்றான் டொக்கு. ஊமை, "வேணாம்" என்றான். அவன் அன்று பேசிய ஒரே வார்த்தை அதுதான். அப்படியே ஆல்பத்தில் போய்விட்டது.

கேட்டவர்கள் பதினோராவது பாட்டில் வருகிற அந்த ஆள் நன்றாக நடித்திருக்கிறார் என்று எழுதுகிறார்கள். அத்தான் அந்தப் பாட்டைக் கடையில் போட்டுவிட்டு, தன் குரல் வருகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார். வாங்க வந்தவர்களிடம், "நான்தாங்க" என்கிறார். விற்பனைக்கு இன்னமும் என்னைத்தான் நிறுத்துகிறார்.

ஆறு மாதமாகிறது. திட்டு மட்டும் வரவில்லை. தினமும் காலையில் அவரோடு சேர்ந்து ஷட்டரைத் தூக்கும்போது, இன்றைக்காவது திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது.