சரணத்துக்கு முன் ஒரு மூச்சு

அண்ணி இளம்வயதில் பாடிய பாட்டுக்கு மிஞ்சியிருந்தது கீறல் விழுந்த ஒரே ஒரு சிடிதான். அதைக் கணினியில் ஏற்றக் கொழுந்தன் வேகமான மென்பொருளைத் தேர்ந்தெடுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. பிழை எதுவும் இல்லை என்றது திரை.

பாட்டைக் கேட்ட அண்ணி நிமிர்ந்தாள். "தம்பி, சரணத்துக்கு முன்னாடி நான் மூச்சு வாங்குவேனே, அது எங்க?"

"மூச்சையெல்லாமா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"பின்ன, எனக்காக உங்க அண்ணனா மூச்சு வாங்கினாரு?"

மென்பொருள் கீறல் விழுந்த இடத்தை மௌனத்தால் ஒட்டுப்போட்டிருந்தது. அவன் வேறொன்றை எடுத்தான். ஆமை வேகம், ஆனால் அந்த இடத்தை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பப் படித்தது. ஒருவழியாகப் பாட்டு ஒலித்தது. சரணத்துக்கு முன் மெல்லிய மூச்சு கேட்டது.

அவன் அண்ணியைப் பார்த்தான். என்ன காது இது! வேகமான மென்பொருளை அப்போதே நீக்கினான்.